பொதுச் சர்வரில் ஆளுக்கு இவ்வளவு இடம்: லினக்ஸில் டிஸ்க் கோட்டா அமைக்கும் முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துப் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களிலும் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் நாற்பது, அறுபது பேர் ஒரே லினக்ஸ் சர்வரில் வேலை செய்கிறார்கள். டிஸ்க் நிரம்பி எல்லோருடைய வேலையும் நின்ற பிறகுதான் அங்கே கோட்டாவைப் பற்றிய பேச்சு எழுகிறது. அந்த அவசரத்தில், புதிதாகப் பொறுப்பேற்றவர் முதலில் தேடுவது வரம்பைப் பதியும் கட்டளையைத்தான். இந்த வேலையைச் செய்தும் பிறருக்குக் கற்றுக்கொடுத்தும் நான் கண்டவரையில், தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டளையில் நேர்வதில்லை. எந்தக் கோப்பு முறைமையில் (அதாவது டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் எந்தப் பகுதியில்) எண்ணப்போகிறோம், எந்தக் கோப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்னும் இரண்டையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளாமல் விட்டதே அவற்றுக்குக் காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் வரம்பைப் பதியும் படி நடுவில்தான் வரும். அதற்கு முந்தைய படிகளைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். யுஎஸ்ஆர் என்பதுபோல எழுத்து எழுத்தாக வரும் இடங்களில், அந்தந்த எழுத்தையே தட்டிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, காப்பு நகல். எடுத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் போதாது. அதிலிருந்து ஏதேனும் இரண்டு கோப்புகளை வேறோர் இடத்தில் மீட்டெடுத்து, திறந்து பார்த்திருக்க வேண்டும். பின்னால் வரும் ஒரு படியில் கோப்பு முறைமையை மவுண்ட் நீக்கி, அதாவது சர்வரிலிருந்து தற்காலிகமாகக் கழற்றி, அதன் அமைப்பையே மாற்றப்போகிறோம். அந்த நேரத்தில் மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் உதவுவது அந்த நகல் மட்டுமே.

இரண்டாவது, பயனர்களின் கோப்புறைகள் இருக்கும் ஹோம் பகுதியில் தம் கோப்புறை இல்லாத ஒரு நிர்வாகக் கணக்கு, அல்லது சர்வரின் திரையிலேயே ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கில், நுழையும் வசதி. உங்கள் சொந்தக் கோப்புறையும் ஹோமுக்குள் இருந்து, அந்தக் கணக்கில் நுழைந்துகொண்டே ஹோமை மவுண்ட் நீக்க முயன்றால், சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்று சர்வர் மறுக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் நீங்களேதான் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எவரும் வேலை செய்யாத ஒரு நேரம். அலுவலகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பொருத்தமானது. ஷிப்மெண்ட் வாரத்திலும், கல்லூரியில் செய்முறைத் தேர்வு வாரத்திலும் இதைத் தொடவே கூடாது.

நான்காவது, பயனர்களின் முழுப் பட்டியலும், வரம்பு வைப்பதற்கு மேலாளர் அல்லது துறைத் தலைவரின் எழுத்து மூலமான ஒப்புதலும். வரம்பு வந்த மறுநாள் ‘எனக்கு மட்டும் கூட்டிக் கொடுங்கள்’ என்று கேட்டு ஆட்கள் வருவார்கள். அப்போது முடிவு உங்களுடைய தனிப்பட்ட விருப்பமாகத் தெரியக்கூடாது.

2. ஹோம் தனிக் கோப்பு முறைமையாக இருக்கிறதா என்று பார்த்தல்

லினக்ஸ் கோட்டாவின் அடிப்படை விதி இது: பயனர் கோட்டா ஒரு கோப்பு முறைமை முழுவதற்கும் சேர்த்து எண்ணப்படுகிறது; ஒரு கோப்புறைக்கு என்று எண்ணப்படுவதில்லை. ஹோம் கோப்புறை தனிப் பார்ட்டிஷனாக இல்லாமல் இயங்குதளத்தோடு சேர்ந்தே இருந்தால், அதே பயனர் தற்காலிகக் கோப்புறையில் வைத்தவையும் அஞ்சல் பெட்டியில் சேர்ந்தவையும் அவருடைய கணக்கிலேயே ஏறும். தம் கோப்புறையை அளந்து பார்த்தால் 3 ஜிபி என்று காட்டும்போது கோட்டா 5 ஜிபி என்று சொல்வதன் காரணம் அவருக்குப் புரியாது.

டிஎஃப் (df) கட்டளையைப் பெரிய எழுத்து டி (T) விருப்பத்துடன் ஹோமுக்கு இயக்கினால், அது எந்தச் சாதனத்தில் இருக்கிறது, கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4 வகையா எக்ஸ்எஃப்எஸ் வகையா என்பவை ஒரே வரியில் தெரிந்துவிடும். உபுண்டு, டெபியன் சர்வர்களில் பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4 இருக்கும். ரெட் ஹேட் வழிவந்தவற்றில் எக்ஸ்எஃப்எஸ் இருக்கும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டுக்கும் முறையே வேறு என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

ஹோம் தனியாக இல்லையென்றால், முதலில் ஒரு புதிய டிஸ்க்கையோ எல்விஎம் பகுதியையோ அமைத்து, கோப்புகளை உரிமையும் நேரமும் மாறாமல் நகலெடுத்து, அதை ஹோமாக மவுண்ட் செய்து சில நாள் ஓட்டிப் பாருங்கள். அதே நாளில் கோட்டாவையும் சேர்த்து இயக்க வேண்டாம். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால், எதில் பிழை என்று பிரித்தறிய முடியாது.

ஹோம் வேறொரு சர்வரிலிருந்து என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்புப் பகிர்வு வழியாக வருகிறது என்றால், டிஸ்க் எங்கே இருக்கிறதோ அந்தச் சர்வரில்தான் கோட்டாவை அமைக்க வேண்டும். பயனர் உட்காரும் கணினியில் அமைப்பதால் பயன் எதுவும் இல்லை.

3. எந்தக் கோப்பு யாருடையது என்பதைச் சரிசெய்தல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இயங்குதளத்தின் மையமான கெர்னல், கோப்பின் பெயரையோ அது இருக்கும் கோப்புறையையோ பார்ப்பதில்லை. கோப்பின் உரிமையாளர் எண்ணை மட்டுமே பார்க்கிறது. ஒருவருடைய கோப்புறைக்குள் இருக்கும் கோப்பு ரூட்டின் பெயரில் இருந்தால், அது ரூட்டின் கணக்கில்தான் ஏறும். ரூட்டுக்கு வரம்பு கிடையாது. ஆகவே அந்த இடம் எவருடைய கணக்கிலும் படாமல் டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கும்.

இப்படிக் கோப்புகள் ஆள் மாறிக் கிடப்பதற்கு நான் கண்ட காரணங்கள் சில உண்டு. பழைய சர்வரிலிருந்து மாறும்போது ரூட்டாக இருந்து நகலெடுத்தவர் உரிமையைக் காக்கும் விருப்பத்தைக் கொடுக்காமல் விட்டிருப்பார். மாணவர்கள் டாக்கர் கன்டெய்னரில் இயக்கிய நிரல்கள் வெளியீட்டை ரூட்டின் பெயரில் எழுதியிருக்கும். வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை நீக்கியவர் அவருடைய கோப்புகளை நீக்காமல் விட்டிருப்பார். அவை பெயரற்ற வெறும் எண்ணுக்குச் சொந்தமாகக் கிடக்கும். அந்த எண் பிற்பாடு புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், அவர் முதல் நாளிலேயே இன்னொருவருடைய 4 ஜிபியைச் சுமக்க நேரிடும்.

முதலில், ஃபைண்ட் கட்டளையை ஹோமின் மேல் எக்ஸ்டெவ், நோயூசர் விருப்பங்களோடு இயக்கி, உரிமையாளர் இல்லாத கோப்புகளைப் பட்டியலெடுங்கள். அடுத்து, ஒவ்வொரு பயனரின் கோப்புறையிலும் அவருக்குச் சொந்தமில்லாத கோப்புகளைத் தேடுங்கள். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகே உரிமையை மாற்றுங்கள். ஹோம் முழுவதற்கும் ஒரே வீச்சில் உரிமையை மாற்றும் கட்டளையை இயக்குவது பெரும் ஆபத்து. சர்வீஸ் கணக்குகளின் கோப்புகளும் அதில் மாறிப்போகும்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் நான் சந்தித்த சிக்கல் வேறு வகையானது. டிசைன் பிரிவு, மெர்ச்சண்டைசர்கள், சாம்பிள் பிரிவு என அனைவரும் விண்டோஸ் கணினிகளிலிருந்து, லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பா மென்பொருள் வழியாகச் சர்வரைத் திறந்தார்கள். முன்பிருந்த நிர்வாகி, அனுமதித் தொல்லை வரக்கூடாது என்று கருதி, சாம்பா அமைப்புக் கோப்பில் ஃபோர்ஸ் யூசர் என்ற வரியைச் சேர்த்திருந்தார். அதனால் எவர் எதைச் சேமித்தாலும் கோப்பு ஒரே பொதுக் கணக்கின் பெயரிலேயே உருவானது. அங்கே நான் ஆளாளுக்கு வரம்பு வைத்தும் எவருக்கும் அது உறைக்கவில்லை. எல்லோருடைய பயன்பாடும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டியது. ஆறு மாதக் கோப்புகளைப் பிரித்து உரியவர் பெயருக்கு மாற்ற எனக்கு நான்கு நாள் ஆனது. உங்கள் சர்வரில் சாம்பா இருந்தால், வேறெதையும் தொடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் சேர்ந்து எழுதும் கோப்புறைக்கு அது அவசியம்தான் என்றால், அந்தக் கோப்புறையைப் பயனர் கோட்டாவில் அடக்க முயலாமல் 9-ஆம் படியில் உள்ள முறையைக் கையாளுங்கள்.

4. வரம்பு வைக்காமல் எண்ணிக்கையை மட்டும் இயக்குதல்

புதியவர்கள் எண்ணுவதையும் தடுப்பதையும் ஒரே நாளில் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துச் செய்வதால் கிடைக்கும் லாபம் பெரியது. கோட்டா இயங்கத் தொடங்கியதும் வரம்பு 0 என்றே இருக்கும். 0 என்றால் ‘வரம்பு இல்லை’ என்று பொருள்; ‘இடமே இல்லை’ என்று பொருளல்ல. அந்த நிலையில் எவருக்கும் இடையூறு இல்லாமல் ஒவ்வொருவரும் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் உங்களுக்குக் கிடைத்துவிடும். இதே விதியை மறந்து, ஒருவரைத் தடுப்பதற்காக அவருக்கு 0 என்று பதிந்தவர்களும் உண்டு. அவர்கள் அவருக்குக் கட்டற்ற இடத்தைக் கொடுத்திருந்தார்கள்.

ஈஎக்ஸ்டி4 என்றால் வரிசை இப்படி அமையும். கோட்டா என்ற பெயரிலேயே உள்ள மென்பொருள் தொகுப்பை நிறுவுங்கள். பயனர்களை வெளியேறச் சொல்லி, சாம்பா போன்ற சேவைகளை நிறுத்தி, ஹோமை மவுண்ட் நீக்குங்கள். நீக்க மறுத்தால், எந்தச் செயல்முறை பிடித்திருக்கிறது என்பதை ஃபியூசர் கட்டளை காட்டும். பிறகு ஈ2எஃப்எஸ்சிகே கொண்டு கோப்பு முறைமையை முழுமையாகச் சோதியுங்கள். பிழையுள்ள கோப்பு முறைமையின் மேல் எண்ணிக்கையைத் தொடங்கினால் எண்களும் பிழையாகவே இருக்கும். அதன்பின் டியூன்2எஃப்எஸ் கட்டளையில் பெரிய எழுத்து ஓ விருப்பத்துடன் கோட்டா என்ற அம்சத்தைச் சேர்க்க வேண்டும். மவுண்ட் நீக்கிய நிலையில்தான் இந்த அம்சத்தைச் சேர்க்க முடியும். அதற்காகவே இவ்வளவு ஏற்பாடும்.

அடுத்து, மவுண்ட் விவரங்கள் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் ஹோமுக்கு உரிய வரியின் நான்காவது புலத்தில் யுஎஸ்ஆர்கோட்டா, ஜிஆர்பிகோட்டா (grpquota) என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்க்க வேண்டும். அம்சத்தைச் சேர்த்ததோடு நிறுத்திவிட்டால் எண்ணிக்கை நடக்கும், ஆனால் வரம்பு தடுக்காது. விருப்பங்களுக்கு இடையே காற்புள்ளி மட்டுமே வர வேண்டும், இடைவெளி விடக்கூடாது. அந்த ஓர் இடைவெளியால் அடுத்த புலமே மாறிப்போய், மறுநாள் காலை சர்வர் பாதியில் நின்று அவசரநிலைத் திரையைக் காட்டும். கோப்பைத் திருத்தும் முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள். திருத்திய பின் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை வெரிஃபை விருப்பத்துடன் இயக்கிச் சரிபாருங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்து பிழையைக் கண்டறிவது என்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் கோட்டாசெக் கட்டளையை இயக்கி, ஏகோட்டா என்று தொடங்கும் கோப்புகளை உருவாக்கச் சொல்லும். அது பழைய முறை. மேலே சொன்னபடி அம்சத்தைச் சேர்த்துவிட்டால் அந்தக் கோப்புகள் தேவையில்லை. கணக்கைக் கோப்பு முறைமை தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். இரண்டு முறைகளையும் கலந்து செய்வதுதான் குழப்பத்துக்கு முதற்காரணம்.

எக்ஸ்எஃப்எஸ் என்றால் டியூன்2எஃப்எஸ் வேலை இல்லை. எஃப்எஸ்டேப் வரியில் யுகோட்டா, ஜிகோட்டா விருப்பங்களைச் சேர்த்து, மவுண்ட் நீக்கி மீண்டும் மவுண்ட் செய்தால் போதும். மவுண்ட் நீக்காமல் ரீமவுண்ட் மட்டும் செய்தால் கோட்டா இயங்காது. எக்ஸ்எஃப்எஸ் அதை மவுண்ட் ஆகும் கணத்தில் மட்டுமே தொடங்கும். முதல் தடவை எல்லாக் கோப்புகளையும் எண்ணி முடித்த பிறகே மவுண்ட் நிறைவுறும் என்பதால், லட்சக்கணக்கில் கோப்புகள் உள்ள சர்வரில் சிறிது நேரம் ஆகலாம். சர்வர் நின்றுவிட்டது என்று எண்ணி மின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டாம்.

வாடகைக்கு எடுத்த மேகக் கணினியில் உபுண்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே வரும் சுருக்கப்பட்ட கெர்னலில் கோட்டாவுக்கான மாட்யூல் இல்லாமல் இருக்கக்கூடும். லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்று தொடங்கும் தொகுப்பில், ஓடும் கெர்னலின் அதே பதிப்பை நிறுவிய பிறகே கோட்டா இயங்கும்.

இப்போது ரெப்கோட்டா கட்டளையைச் சிறிய எழுத்து எஸ் விருப்பத்துடன் ஹோமுக்கு இயக்கினால் ஆளுக்கு ஒரு வரியாகப் பட்டியல் வரும். ரூட்டின் வரியில் பெரிய எண் தெரிந்தால், 3-ஆம் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

5. இரண்டு வாரம் கவனித்து எண்ணைத் தீர்மானித்தல்

தினமும் ஒரு தடவை அந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் மூன்று விஷயங்கள் தெரியவரும்: இடத்தின் பெரும்பகுதியை வைத்திருப்பவர்கள் யார், எவருடைய பயன்பாடு நாளுக்கு நாள் ஏறுகிறது, எவருடையது வேலைக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. மூன்றாவது வகையினரை மனத்தில் வைத்தே எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். பிரிண்ட் டிசைன் செய்பவரிடம் ஒரு ஆர்டர் முடியும்வரை பெரிய படக்கோப்புகள் குவிந்திருக்கும். பையர் ஒப்புதல் தந்ததும் அவை குறையும். அவருடைய சராசரியை வரம்பாக வைத்தால் வேலை நின்றுவிடும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஆய்வகச் சர்வரின் ஹோம் 500 ஜிபி, மாணவர்கள் 60 பேர். ஈஎக்ஸ்டி4 இயல்பாகவே 5 சதவீதத்தை ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கிறது. அது 25 ஜிபி. மீதி 475 ஜிபியில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் காலியாக விட்டால் 400 ஜிபி கைக்கு வரும். ஆளுக்கு இறுதி வரம்பு 6 ஜிபி என்றால் 60 பேருக்கு 360 ஜிபி. எல்லோரும் ஒரே நாளில் தம் எல்லையைத் தொட்டாலும் டிஸ்க் நிரம்பாது.

கையில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பங்கிட்டுக் கொடுப்பது சரியா என்று கேட்பார்கள். அலுவலகத்தில், பலர் தம் பங்கில் கால்வாசியைக்கூடத் தொடுவதில்லை என்று பட்டியல் காட்டினால், ஓரளவு கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் மொத்தப் பயன்பாட்டை வாரந்தோறும் பார்ப்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். மாணவர் ஆய்வகத்தில் அப்படிச் செய்யாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பருவ இறுதியில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் புராஜெக்ட் வேலை குவியும். பி.ஏ.பி. என்னும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் ஆயக்கட்டில் மண்டலம் பிரித்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது.

6. நான்கு எண்களின் பொருளைப் புரிந்துகொள்ளுதல்

ஒவ்வொரு பயனருக்கும் நான்கு எண்கள் பதிய வேண்டும். இடத்துக்கு இரண்டு, கோப்புகளின் எண்ணிக்கைக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் முதலாவது சாஃப்ட் லிமிட், அதாவது எச்சரிக்கை வரம்பு. இரண்டாவது ஹார்டு லிமிட், அதாவது இறுதி வரம்பு. எச்சரிக்கை வரம்பைத் தாண்டியதும் தவணை, அதாவது மீண்டும் கீழே இறங்கத் தரப்படும் கால அவகாசம், ஓடத் தொடங்கும். தவணைக்குள் அவர் கீழே இறங்காவிட்டால், அதன்பின் எச்சரிக்கை வரம்பே இறுதி வரம்பைப்போலத் தடுக்கும். இறுதி வரம்பை எந்நேரத்திலும் தாண்ட முடியாது.

இரண்டையும் ஒரே எண்ணாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் விளைவை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நேரில் பார்த்தேன். ரெக்கார்டு ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய மாலையில், ஒரு மாணவி தம் அறிக்கையைச் சேமிக்கும் கணத்தில் எல்லையைத் தொட்டார். அவர் பயன்படுத்திய மென்பொருள் சேமிக்கும்போது பழைய கோப்பைக் காலியாக்கிவிட்டுப் புதிதாக எழுதும் வகையைச் சேர்ந்தது. பழையது அழிந்தது, புதியது எழுதப்படவில்லை. 0 பைட் அளவில் ஒரு கோப்பு மட்டும் மிஞ்சியது. எச்சரிக்கை வரம்புக்கும் இறுதி வரம்புக்கும் இடையே இடைவெளி விடுவது இந்த விபத்தைத் தவிர்க்கத்தான். எச்சரிக்கை வரம்பு 5 ஜிபி என்றால் இறுதி வரம்பு 6 ஜிபியாவது இருக்கட்டும்.

கோப்புகளின் எண்ணிக்கை, அதாவது ஐநோடு வரம்பு, பலரும் விட்டுவிடும் ஒன்று. ஈஎக்ஸ்டி4-இல் ஐநோடுகளின் மொத்த எண்ணிக்கை கோப்பு முறைமையை உருவாக்கும்போதே நிலையாகிவிடுகிறது. பைத்தான், நோடு போன்றவற்றின் துணைத் தொகுப்புகள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கொட்டும். இடம் மீதியிருந்தும் ஐநோடு தீர்ந்து சர்வர் நின்றுவிடும். மாணவர்களுக்கு 1,00,000 எச்சரிக்கையாகவும் 1,20,000 இறுதியாகவும் வைத்துத் தொடங்கலாம். ஆனால் 60 பேருக்கும் சேர்த்த மொத்தம் உங்கள் டிஸ்க்கின் ஐநோடுகளுக்குள் அடங்குகிறதா என்று டிஎஃப் கட்டளையைச் சிறிய எழுத்து ஐ விருப்பத்துடன் இயக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

7. ஒரு சோதனைக் கணக்கில் முயன்று, பிறகு எல்லோருக்கும் பதிதல்

செட்கோட்டா கட்டளையில் சிறிய எழுத்து யு விருப்பம், பயனர் பெயர், இடத்தின் எச்சரிக்கை வரம்பு, இறுதி வரம்பு, கோப்பு எண்ணிக்கையின் எச்சரிக்கை வரம்பு, இறுதி வரம்பு, கோப்பு முறைமை என்ற வரிசையில் தர வேண்டும். வெறும் எண்ணாகக் கொடுத்தால் இடம் கிலோபைட்டில் கணக்கிடப்படும். 5 ஜிபிக்கு 5242880, 6 ஜிபிக்கு 6291456. மெகாபைட் என்று நினைத்து 5000 என்று பதிந்துவிட்டால் அவருக்குக் கிடைப்பது 5 எம்பிக்கும் குறைவு. மறுநாள் அவரால் திரையில் நுழையவே முடியாது. புதிய பதிப்புகளில் எண்ணோடு ஜி என்ற எழுத்தைச் சேர்த்து எழுதலாம். அந்த வசதி இருந்தால் அதையே பழகுங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் சர்வரில் எக்ஸ்எஃப்எஸ்_கோட்டா கட்டளையின் நிபுணர் விருப்பமான சிறிய எழுத்து எக்ஸ் கொடுத்து, லிமிட் என்ற துணைக் கட்டளையில் பிசாஃப்ட் (bsoft), பிஹார்டு (bhard) மதிப்புகளைத் தருவது வழக்கம்.

முதலில் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி அதற்கு 100 எம்பி, 120 எம்பி என்று பதியுங்கள். பிறகு அந்தக் கணக்கிலேயே நுழைந்து, 110 எம்பி கோப்பொன்றை எழுதுங்கள். ஏற்கும், தவணை தொடங்கும். மேலும் 20 எம்பி எழுத முயலுங்கள். ‘டிஸ்க் கோட்டா எக்ஸீடட்’ என்று மறுக்க வேண்டும். ரூட்டாக இருந்தோ சுடோ கொடுத்தோ எழுதிப் பார்த்தால் தடை எதுவும் வராது. கோட்டா வேலை செய்யவில்லை என்று தவறாக முடிவெடுத்து, சரியாக இருக்கும் அமைப்பைக் கலைப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

சோதனை முடிந்ததும் அதே கணக்குக்கு உண்மையான வரம்புகளைப் பதிந்து, அதையே மாதிரியாக்குங்கள். எட்கோட்டா கட்டளையின் சிறிய எழுத்து பி (p) விருப்பம், மாதிரிக் கணக்கின் வரம்புகளை மற்றப் பயனர்களுக்கு அப்படியே நகலெடுக்கும். டெபியன், உபுண்டு சர்வர்களில் ஆட்யூசர் அமைப்புக் கோப்பின் கோட்டாயூசர் வரியில் இந்த மாதிரிக் கணக்கின் பெயரை எழுதிவைத்தால், இனிமேல் ஆட்யூசர் வழியாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் வரம்பு தானாகவே வந்துவிடும்.

எல்லோருக்கும் பதியும் முன், ஏற்கெனவே எல்லைக்கு மேல் இருப்பவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்து அவர்களிடம் நேரில் பேசுங்கள். வரம்பு பதிந்ததால் அவர்களுடைய கோப்பு எதுவும் அழியாது, ஆனால் புதிதாக ஒரு வரிகூட எழுத முடியாது. அவர்களுக்கு மட்டும் தற்காலிகமாகக் கூடுதல் எண் வைத்து, இறங்க வேண்டிய தேதியைச் சொல்லிவிடுங்கள்.

8. தவணையும் எச்சரிக்கையும்

இயல்பான தவணை 7 நாள். எட்கோட்டாவின் சிறிய எழுத்து டி (t) விருப்பத்தில் இதை மாற்றலாம். இது அந்தக் கோப்பு முறைமையில் உள்ள அனைவருக்கும் பொதுவானது. ஏற்கெனவே எல்லையைத் தாண்டி நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்த மாற்றம் பொருந்தாது. அவருக்கு மட்டும் நீட்டிக்கப் பெரிய எழுத்து டி (T) விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் ஊருக்குப் போனவருடைய தவணை அவர் இல்லாதபோதே தீர்ந்துவிடும் என்பதால், நான் 14 நாள் வைக்கிறேன்.

எச்சரிக்கை போய்ச் சேராத கோட்டா, பயனருக்கு வெறும் பழுதாகத்தான் தெரியும். வார்ன்கோட்டா என்ற கருவி எல்லை தாண்டியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். தினமும் காலையில் இயங்கும்படி, கட்டளைகளைக் குறித்த நேரத்தில் இயக்கும் கிரானில் வைக்கலாம். ஆனால் சர்வரில் அஞ்சல் அமைப்பு சரியாக இருக்கிறதா, அந்த அஞ்சலை எவரேனும் படிக்கிறார்களா என்று பாருங்கள். சாம்பா வழியாக வருபவர்களுக்குச் சர்வரின் எச்சரிக்கை எதுவும் தெரியாது; இடம் போதவில்லை என்ற பொதுச் செய்தி மட்டும் விண்டோஸில் வரும். அப்படிப்பட்ட அலுவலகங்களில், ரெப்கோட்டா பட்டியலில் கூட்டல் குறியிட்ட பெயர்களை மட்டும் எடுத்துப் பிரிவுத் தலைவருக்குக் காலையில் அனுப்புவதே பலன் தந்தது. பட்டியலில் பயனர் பெயரை அடுத்து வரும் கூட்டல் குறிதான் எல்லை தாண்டியதன் அடையாளம்.

9. பலர் சேர்ந்து எழுதும் கோப்புறைக்கு

ஓர் ஆர்டருக்கு ஒரு கோப்புறை என்று வைத்து நான்கு பிரிவினரும் அதில் எழுதும் இடத்தில், ஆளுக்கான கோட்டா நியாயமான கணக்கைத் தராது. அங்கே புராஜெக்ட் கோட்டா வேண்டும்; அது கோப்புறைக்கே வரம்பு வைக்கிறது, எழுதியவர் யார் என்று பார்ப்பதில்லை.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் மவுண்ட் விருப்பமாக பிகோட்டாவை (pquota) சேர்த்து, ஈடிசி கோப்புறையில் உள்ள புராஜ்ஐடி கோப்பில் பெயரையும் எண்ணையும், புராஜெக்ட்ஸ் கோப்பில் எண்ணையும் கோப்புறைப் பாதையையும் எழுதி, எக்ஸ்எஃப்எஸ்_கோட்டாவின் புராஜெக்ட் துணைக் கட்டளையால் தொடங்கிவைத்து, பிறகு வரம்பைப் பதிய வேண்டும். இந்த எல்லையைத் தொட்டவருக்கு ‘டிஸ்க் கோட்டா எக்ஸீடட்’ என்று வராது. சாதனத்தில் இடமே இல்லை என்ற செய்திதான் வரும். டிஎஃப் பார்த்தால் டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும். இதை முன்பே குறித்துவைக்காவிட்டால், உங்களுக்குப் பின் வரும் நிர்வாகி டிஸ்க் பழுது என்று தேடத் தொடங்குவார்.

10. எல்லையைத் தொட்டவர் வந்து நிற்கும்போது

அவர் திரையில் நுழைய முயன்று மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே திரும்புகிறார் என்றால், கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். வரைகலைத் திரை தொடங்கும்போது ஹோமில் சில சிறு கோப்புகளை எழுத வேண்டும், அதற்கு இடமில்லை. எழுத்துத் திரையிலோ எஸ்எஸ்எச் வழியாகவோ நுழைந்து இடத்தை விடுவிக்கச் செய்யுங்கள்.

பயனர் செய்யும் முதல் முயற்சி, பெரிய கோப்பை அழிப்பது. அது குப்பைக் கோப்புறைக்குப் போகும். அதுவும் அதே ஹோமில் இருப்பதால் ஒரு பைட்கூடக் குறையாது. முதலில் குப்பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். அடுத்து, புள்ளியில் தொடங்கும் கேஷ் கோப்புறை. அதற்கும் பிறகே அவருடைய சொந்தக் கோப்புகள். அவருடைய கோப்பை அவரே அழிக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் நீங்கள் அழித்துத் தரக்கூடாது.

கோப்புறையை அளக்கும் டியு (du) கட்டளை காட்டும் அளவைவிடக் கோட்டா காட்டும் அளவு கூடுதலாக இருந்தால், இரண்டு இடங்களைப் பாருங்கள். அவருடைய பெயரில் வேறொருவர் கோப்புறையில் கோப்புகள் இருக்கலாம். அல்லது அவர் அழித்த கோப்பை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கலாம். அந்த நிரல் நிற்கும்வரை இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையின் கூட்டல் எல்1 விருப்பம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

11. மாதந்தோறும் செய்ய வேண்டியவை

வேலையை விட்டு விலகியவரின் கணக்கை நீக்கும் முன், அவருடைய கோப்புகளில் வேண்டியவற்றைப் பொறுப்பேற்பவரின் பெயருக்கு மாற்றி, மீதியைக் காப்பு நகலில் சேர்த்து அழியுங்கள். கணக்கை நீக்குவது அதற்குப் பிறகு. மாதம் ஒருமுறை, உரிமையாளர் இல்லாத கோப்புகளைத் தேடும் கட்டளையை மீண்டும் இயக்குங்கள்.

கோப்புகளின் காப்பு நகலில் வரம்புகள் சேர்வதில்லை. டிஸ்க் பழுதாகிப் புதிய டிஸ்க்கில் எல்லாவற்றையும் மீட்டெடுத்த பின், எவருக்கும் வரம்பு இருக்காது. ஈஎக்ஸ்டி4 சர்வரில், பெயரும் நான்கு எண்களும் ஒரு வரிக்கு ஒருவராக ஒரு கோப்பில் எழுதிவைத்தால், செட்கோட்டாவின் சிறிய எழுத்து பி (b) விருப்பம் அதை மொத்தமாகப் படித்துப் பதியும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இதற்கு டம்ப், ரீஸ்டோர் என்ற துணைக் கட்டளைகள் உள்ளன. எவருக்கேனும் வரம்பை மாற்றிய அதே நாளில் இந்தக் கோப்பையும் புதுப்பித்து, ஹோமுக்கு வெளியே, வேறொரு கணினியில் வையுங்கள். கூட்டிக் கொடுத்த வரம்பானால், யார் ஒப்புதலில், எந்தத் தேதிவரை என்பதையும் அந்த வரிக்கு அருகிலேயே இன்னொரு பட்டியலில் குறித்து, தேதி வந்ததும் பழைய எண்ணுக்குத் திருப்புங்கள்.